மாலை நேரத்துக்கும் கூலி உண்டு

அன்புள்ள அக்கா,

நான் தாண்டிக்குடிக்காரன். தொல்லியலில் எம்.ஏ. முடித்துவிட்டு அகழாய்வு, கள ஆய்வு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறேன். இந்த சீசனில் மூன்று மாதம் பழனி மலையில் கல்திட்டைகளை, அதாவது கற்பலகைகளால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களை, பதிவுசெய்யும் வேலை. ஒரு நாளுக்கு 900 ரூபாய். 'தொழில்முறைக் கட்டணம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டார்கள். மழை நாளுக்குப் பணம் இல்லை. கேட்டால், "நீ சுயதொழில் செய்பவன்தானே" என்கிறார்கள். அப்படியா அக்கா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

தாளில் உள்ள பெயரை விடுங்கள். காலையில் ஜீப் எப்போது கிளம்பும், இன்று எந்தச் சரிவு என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? ஜிபிஎஸ்ஸும் கேமராவும் யாருடையவை? காய்ச்சல் என்றால் உங்களுக்குப் பதிலாக நண்பரை அனுப்ப முடியுமா? எல்லாமே அவர்கள் கையில் என்றால், நீங்கள் அவர்களிடம் வேலை பார்ப்பவர்தான்.

1973-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தையற்கடை வழக்கு வந்தது. தையற்காரர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வேறு கடைக்கும் தைக்கலாம். ஆனால் மெஷின்கள் பெரும்பாலும் கடையுடையவை. தையல் சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் உரிமையும் கடைக்கு இருந்தது. அவர்கள் ஊழியர்களே என்று நீதிமன்றம் சொன்னது. கடைகள் சட்டத்தின் கீழ் வந்த வழக்குதான், ஆனாலும் அது பார்த்த விதம் உங்களுக்கும் பொருந்தும்.

டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியைச் சொந்தமாகக் கொண்டு வந்து, "இந்தத் தளத்துக்கு வரைபடம் போட இவ்வளவு" என்று விலை பேசி, தன் வசதிப்படி முடித்துக் கொடுப்பவரைச் சுயதொழில்காரர் என்றால் சரி. உங்கள் நிலை அதுவல்ல.

வரிப் பிடித்தத்தை வைத்து உங்கள் நிலை முடிவாகிவிடாது. வருமானம் வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குங்கள். விட்டுவிடாதீர்கள்.

எனக்குப் பெரிய வருத்தம் கூலிக் கணக்கில்தான். மலையிலிருந்து இறங்கியபின் மாலையில் மூன்று மணி நேரம் அளவுகளைப் படியெடுத்து, திட்டையின் படம் வரைந்து, போட்டோவுக்கு எண் போடுகிறீர்கள், இல்லையா? 900 ரூபாய் எட்டு மணி நேரத்துக்கு என்றால் மணிக்கு 112 ரூபாய். பதினொரு மணி நேரத்துக்கு என்றால் 82-ஐத் தொடவில்லை. அகழாய்வில் பானை ஓடு கழுவுவதும் அதில் குறிப்பு எழுதுவதும் இப்படித்தான் கணக்கில் வராமல் போகின்றன.

அது சில்லறை வேலையா? உங்கள் மலையடிவாரத்தில் உள்ள பொருந்தல் என்ற ஊரில் ஈமக்குழி ஜாடியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 என்று வந்தது. எந்தக் குழி, எந்த ஜாடி என்று எழுதிவைக்காமல் போயிருந்தால் அந்த ஆண்டை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வோம்?

நீலகிரியில் ஒரு கள ஆய்வின்போது ஈரப்பாறையில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டேன். என்னை அனுப்பியவர்கள் நான் போட்ட கையெழுத்தைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அம்மா வளையலை அடகு வைத்தார். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, தம்பி.

அதனால் விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, மழை நாளுக்கு எவ்வளவு, மாலை வேலைக்கு எவ்வளவு, அறிக்கையில் உங்கள் பெயர் வருமா என்பதையெல்லாம் மலையேறும் முன்பே எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், கூட வேலை செய்யும் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். அப்புறம், வேலை செய்த நாளும் நேரமும் உங்கள் சொந்த நோட்டில் இருக்கட்டும். அடுத்த சீசனுக்கான தாள் வந்ததும், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அக்கா