பள்ளிக்கூடம் முதலாளிகளின் வேலையா? சில கேள்விகள், பதில்கள்

ஆலைக்கு ஆள் தயாரிக்கத்தான் பள்ளிக்கூடமே வந்ததாமே? மணி, வரிசை எல்லாம் அதற்குத்தானாமே?

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை, ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. பிரஷ்யாவின் (இன்றைய ஜெர்மனிப் பக்கம் இருந்த ராஜ்யம்) மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1763-லேயே கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளியைக் கட்டாயமாக்கிவிட்டார். அப்போது அங்கே பண்ணையும் பட்டாளமும்தான், ஆலை ஏது? அவருக்கு வேண்டியது தெய்வபயமும் ராஜபக்தியும் உள்ள குடிமக்கள். ஆலைகள் முதலில் முளைத்த இங்கிலாந்திலோ கட்டாயக் கல்வி 1880-ல்தான் வந்தது.

இங்கிலாந்தில் ஏன் அவ்வளவு தாமதம்?

பிள்ளைகளின் கூலி மலிவு, அதுதான் முதல் காரணம். ஏழைகளுக்குப் பள்ளி வைக்க 1807-ல் மசோதா வந்தபோது, படித்தால் இவர்கள் தங்கள் நிலைமையையே வெறுத்துவிடுவார்கள் என்று டேவிஸ் கிடி என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே பேசினார். மசோதா பிரபுக்கள் சபையில் செத்தது. அப்புறம் 1833 ஆலைச் சட்டம், ஜவுளி ஆலையில் வேலை செய்யும் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் படிப்பு வேண்டும், வாத்தியாரிடம் சான்றும் வாங்கிவர வேண்டும் என்றது. சான்று வந்தது சரி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி! வாத்தியாருக்கே எழுதத் தெரியாது. ஆலை ஆய்வாளர்கள் கத்திக் கத்தி, வாத்தியார் தன் கைப்பட நிரப்பி முழுப்பெயரும் எழுத வேண்டும் என்று 1844-ல் சட்டத்திலேயே சேர்க்க வேண்டியிருந்தது.

முதலாளிகள் எல்லாரும் எதிரி, தொழிலாளிகள் எல்லாரும் ஆதரவு என்று சொல்லலாமா?

முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கல்வி வாரியச் செயலாளராக இருந்த ஹோரஸ் மேன், படித்த தொழிலாளி கூடுதலாக உற்பத்தி செய்கிறான் என்று ஆலைக்காரர்களிடமே கேட்டு வாங்கி 1841 அறிக்கையில் போட்டார். அதற்கு முன்பே, 1830-ஐ ஒட்டி, பிலடெல்பியா தொழிலாளர் கட்சிக்காரர்கள் பொதுப்பள்ளி கேட்டுப் போராடியிருந்தார்கள். ஆனால் இங்கிலாந்தின் லங்காஷயரில் பாதி நாள் பள்ளி, பாதி நாள் ஆலை என்ற ஏற்பாட்டை ஒழிக்கப் பருத்தி ஆலைத் தொழிலாளர் சங்கங்களே நெடுங்காலம் சம்மதிக்கவில்லை; பிள்ளை கொண்டுவரும் கூலியை எந்த வீடு விடும்? 1918 சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது.

இதில் நம்ம ஊர் எங்காவது வருகிறதா?

வருகிறது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-லிருந்து எழும்பூர் அநாதை இல்லத்தில் பெரிய பிள்ளைகளை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவைத்தார். மணலில் எழுதப் பழக்குவதை இங்கே பார்த்துப் பிடித்துக்கொண்டவர். ஒரே வாத்தியார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம், செலவும் சொற்பம் என்பதால் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் போனது. ஆலை வாடை அடிக்கும் பள்ளி என்றால் எனக்குத் தோன்றுவது பிரஷ்யா இல்லை, இதுதான்.