கூன் விழுந்த தோளை நிமிர்த்த பெல்ட் வாங்கலாமா, வேறு கருவி வாங்கலாமா?

தோள் முன்னால் வளைந்து கூன் போலத் தெரிகிறது, முதுகில் மாட்டும் பெல்ட், இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை, முதுகுக்கு அடியில் போட்டுப் படுக்கும் உருளை ஆகியவற்றில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வயதையும் வேலையையும் எழுதவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து குனிந்து செய்கிற வேலையாகத்தான் இருக்கும். யாரோ உங்கள் போட்டோவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள், அது உறுத்துகிறது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் 21 வருடமாக ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். டெய்லருக்குக் கைவேலை செய்து கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து மெஷினுக்கு வந்தவள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒரு ஷிப்ட் மாலை ஐந்தரை வரை. அவசர ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரை ஆகிவிடும். ஓவர்லாக்கில் தைக்கும்போதே கத்தி துணி ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். கண்ணை எடுத்தால் பீஸ் பாழ். அதனால் தலை தானாக முன்னால் போகும், தோள் காதை நோக்கி ஏறும். பத்து வருடம் கழித்து அதை இறக்கு என்றால் இறங்காது. நாத்தனார் மகளின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து, “அத்தை, ஏன் கிழவி மாதிரி நிற்கிறீர்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. அப்போது எனக்கு வயது 38.

அன்றிரவே பெல்ட் ஆர்டர் போட்டேன். 900 ரூபாய். பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது, நிமிர்ந்து நடந்தேன். கழற்றி வைத்தால் அடுத்த நிமிடமே தோள் பழைய இடத்துக்குப் போய்விடும். அக்குளில் பட்டை அறுத்துச் சிவந்து, உப்புத் தண்ணீர் பட்டால் எரியும். மூன்றாம் மாதம் பெல்ட்டே தொய்ந்துவிட்டது. ஜட்டிக்கும் டிராயருக்கும் எலாஸ்டிக் வைத்துத் தைப்பவர்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பெல்ட்டில் வேலை செய்வது எலாஸ்டிக்தான், நம் முதுகு சும்மா இருக்கும். சும்மா இருக்கிற தசைக்கு எங்கிருந்து பலம் வரும்?

பெல்ட் விற்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நிமிர வேண்டும் என்று நினைவூட்டும் பொருளாக அரை மணி நேரம் மாட்டுவதில் தவறில்லை என்றுதான் பிறகு எனக்குப் பிசியோதெரபி சிகிச்சை தந்த பெண்ணும் சொன்னார். வளரும் பிள்ளைகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தால் டாக்டர் அளவெடுத்துச் செய்து தரும் பிரேஸ் வேறு விஷயம். அதை யாரும் இந்தப் பதிலைப் படித்துவிட்டுக் கழற்றிவிடாதீர்கள்.

வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்த பிறகுதான் பிசியோதெரபிக்குப் போனேன். போனதும் கரண்ட் வைப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் கட்டம் போட்ட பலகைக்கு முன்னால் என்னைப் பக்கவாட்டாக நிற்கச் சொல்லி, மேலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டார். நூலின் நுனியில் தூக்குக்குண்டு. என் அப்பா காங்கேயத்தில் கொத்தனார். அந்தக் குண்டை அப்பாவின் சாமான் பையில் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். சுவருக்குப் பிடிக்கிற குண்டை என் உடம்புக்குப் பிடித்தபோது கண் கலங்கிவிட்டது. கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழும் அந்த நூல் முழங்கால், இடுப்பு, தோள் வழியாக ஏறிக் காது மடலைத் தொட வேண்டுமாம். என் காது நூலைத் தாண்டி மூன்று விரற்கடை முன்னால் நின்றது. பின்பக்கமிருந்து பார்த்தால் வலது தோள் இடது தோளைவிட உயரம்.

ரசீதின் பின்பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். ஒரு கோட்டில் பிடரியும் நெஞ்சும், இரண்டும் இறுகிக் கிடக்கின்றன. குறுக்கே போகும் கோட்டில் கழுத்தின் முன்புற உள்தசையும் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள தசையும், இரண்டும் தொய்ந்து கிடக்கின்றன. விளாடிமிர் யாண்டா என்ற செக் நாட்டு மருத்துவர் இதை வகுத்துச் சொன்னாராம். எனக்கு உடனே புரிந்தது. ஒரு பக்கம் இழுத்தும் மறுபக்கம் தளர்த்தியும் தைத்த சட்டை முறுக்கிக்கொள்ளுமே, அதேதான். இஸ்திரி போட்டு எத்தனை தடவை நீவினாலும் அது நேராகாது, தையலைப் பிரிக்க வேண்டும்.

ஐந்து நாள் ஐஎஃப்டி என்ற, வலிக்குக் கரண்ட் வைக்கும் மெஷினை வைத்தார்கள். வலி குறைந்தது. ஆனால் அது வலிக்குத்தான், தசைக்குப் பலம் தராது என்று அவரே சொல்லிவிட்டார். வேலை செய்தது ஒன்றரை மீட்டர் ரப்பர் பட்டை. ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுத்து, தோள்பட்டைகள் இரண்டையும் நெருக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்த வேண்டும். இழுக்கும்போது தோள் காதுக்கு ஏறக் கூடாது, நான் ஒரு மாதம் அந்தத் தவறைத்தான் செய்தேன். பட்டையின் நிறம் மாறினால் இறுக்கமும் மாறும்: தெராபேண்ட் என்ற பிராண்டு பட்டையில் மஞ்சளை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் 1.3 கிலோ பலம் வேண்டும், சிவப்புக்கு 1.7, பச்சைக்கு 2.1. மஞ்சளில் ஆரம்பித்துப் பச்சைக்கு வர எனக்கு ஏழு மாதம் ஆனது. உருளை வாங்கவே இல்லை. சென்னிமலைப் போர்வை ஒன்றை இறுகச் சுருட்டி முதுகுத்தண்டு நீளத்துக்குப் போட்டு, அதன் மேல் மல்லாந்து படுத்துக் கைகளை விரித்துவிடுவேன். நெஞ்சு தானாகத் திறக்கும். கழுத்துக்கு, சுவரில் முதுகை ஒட்டி நின்று மோவாயை உள்ளே இழுப்பது. அதற்குக் காசே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கம்பெனியில் வெளிநாட்டு மெஷின் இறக்குகிறார்கள், ஊசி உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து நோட்டில் ஒட்டச் சொல்கிறார்கள். டெய்லர் உட்காருவது மட்டும் முதுகுச் சாய்மானம் இல்லாத அதே ஸ்டூல். என் உயரத்துக்கு ஏற்ப அதன் காலடியில் கட்டை வைத்து உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்க எனக்கு ஆறு மாதம் தைரியம் வரவில்லை. கேட்டதற்கு, “எல்லாரும் இதில்தானே உட்காருகிறார்கள்?” என்றார்கள். சிகிச்சைக்குப் போக வேண்டிய டவுன் பஸ்ஸோ இன்னொரு கொடுமை. 2021-இல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து, நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்கள் இருபது அடி தள்ளிப் போய் நிறுத்துகிறார்கள். கழுத்து வலியோடு ஓடிப்போய் ஏறியிருக்கிறேன். அந்த இருபது அடியில் யாருக்கு என்ன லாபம்?

நான் டாக்டர் இல்லை, ஒரு டெய்லர். உங்கள் உடம்பு வேறாக இருக்கலாம். ஒன்று மட்டும் பாருங்கள். தரையில் மல்லாந்து படுத்தால் முதுகு நிமிர்கிறதா? நிமிரவில்லை என்றாலோ, குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தாலோ, கை மரத்தாலோ எதையும் வாங்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி ஒரே ஒரு முறையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் நின்று எது இறுக்கம், எது தொய்வு என்று தெரிந்துகொண்டு பட்டை வாங்குங்கள்.

என் ஜாக்கெட்டை நானே தைத்துக்கொள்வேன். வலது தோள் உயரம் என்பதால் துணியை மடித்து ஒரே வெட்டாக வெட்ட முடியாமல், வலது தோளுக்குக் கால் அங்குலம் கூட்டித் தனியாக வெட்டிக்கொண்டிருந்தேன். போன தீபாவளிக்கு மடித்துப் போட்டே வெட்டினேன், சரியாக உட்கார்ந்தது.

பட்டை வாங்கினால் வெயிலில் போடாதீர்கள், ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் பவுடர் தூவி வையுங்கள். ஒவ்வொரு முறையும் இழுப்பதற்கு முன் ஓரத்தில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். என்னுடைய முதல் பட்டை கீறலில் அறுந்து புருவத்தில் அடித்தது, ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண்.