கைப்பேசி கண்டுபிடித்துச் சொல்லுமா? மறதிநோயின் தொடக்கம் பற்றிய கேள்வி பதில்

மறதிநோய் ஆய்வுகளுக்கான நினைவாற்றல் சோதனைகளைக் கைப்பேசியில் செய்யும்படி வடிவமைப்பது என் வேலை. நான் படித்தது நரம்பு உளவியல், மருத்துவம் அல்ல. அதனால் மாத்திரை பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கவிதா: மேடம், அப்பாவுக்கு 68 வயது. சாவி, கண்ணாடி எல்லாவற்றையும் வைத்த இடம் மறக்கிறார். ஏதாவது ஆப் போட்டுச் சோதித்துப் பார்க்கலாமா?

முதலில் ஆப்பை ஒதுக்கி வையுங்கள். சாவி தேடுவது எல்லா வயதிலும் நடப்பதுதான். நான் கவனிக்கச் சொல்வது வேறு. கேட்ட கேள்வியையே அரை மணி நேரத்துக்குள் மறுபடி கேட்கிறாரா, அதுவும் முன்பு கேட்டதே நினைவில்லாமல்? பல வருடமாகத் தானே பார்த்துவந்த வரவு செலவில் தடுமாறுகிறாரா? பழகிய வழியில் குழம்புகிறாரா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, அலர்ஜிக்கும் சிறுநீர்ப் பிரச்சினைக்கும் தரும் சில மாத்திரைகள் என்று மறதியைக் கொண்டுவரும் காரணங்கள் நிறைய உண்டு. இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம். எந்த ஆப்பும் இவற்றைப் பிரித்துச் சொல்லாது.

முருகேசன்: மருத்துவமனையிலேயே சோதனைகள் இருக்கின்றனவே? கைப்பேசி எதற்கு?

இருக்கின்றன. 1975-இல் வந்த எம்எம்எஸ்இ, 2005-இல் வெளியான மோகா என்ற அறிவாற்றல் சோதனைகள், இரண்டுமே 30 மதிப்பெண்ணுக்கு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், நல்ல சோதனைகள்தான். ஆனால் அன்றைக்கு ஒரு நாள், ஒரு வேளை மட்டும் பார்க்கிறோம். முந்தின இரவு தூங்காதவர், வெள்ளை கோட்டைப் பார்த்தாலே பதறுபவர் எல்லோருக்கும் மதிப்பெண் குறையும். நன்றாகப் படித்தவர் மூளையில் சரிவு தொடங்கிய பிறகும் 28, 29 வாங்கிவிட்டு எழுந்து போவார். மறதிநோயில் மிகப் பரவலான வகையான அல்சைமரில் மூளைக்குள் அமிலாய்டு புரதம் படியத் தொடங்குவது அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே. அவ்வளவு மெல்ல நகர்கிற ஒன்றை வருடத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் பார்த்துப் பிடிப்பது கஷ்டம்.

ரத்த அழுத்தத்தை ஒரு முறை மட்டும் பார்க்காமல் வீட்டில் பல நாள் அளந்து சராசரி எடுக்கிறோம் அல்லவா, இங்கேயும் அதே கணக்குதான். செயிண்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'ஆர்க்' என்ற செயலி ஒரு வாரத்துக்குத் தினமும் நான்கு முறை வரை அழைக்கும். ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான். அதில் ஒரு சோதனை: ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் மூன்று பொருள்கள் சில வினாடி தெரிந்து மறையும். உடனே கேட்காமல், நடுவில் நிறைய E எழுத்துகளைக் காட்டி அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் F-களைத் தேடச் சொல்லும். அதன் பிறகுதான் அந்த மூன்றும் எந்தெந்தக் கட்டத்தில் இருந்தன என்று கேட்கும். நடுவில் புகுந்த வேலை மனதில் வைத்திருந்ததைக் கலைத்துவிடுகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஒரே ஒரு முறையின் மதிப்பெண்ணை நான் நம்ப மாட்டேன். இருபத்தைந்து முறைக்கு மேல் செய்ததன் சராசரி என்றால் நம்புவேன்.

நசீமா: நாம் ஒன்றும் செய்யாமலே கைப்பேசி நம்மைக் கவனிக்கும் என்கிறார்களே?

ஆமாம், அது தனி வகை. 2019-இல் ஆப்பிள், மருந்து நிறுவனமான எலை லில்லி, உடல்நலத் தரவு நிறுவனமான எவிடேஷன் மூன்றும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. 60 முதல் 75 வயது வரை 113 பேர், 12 வாரம். அதில் 31 பேருக்கு ஏற்கெனவே அறிவாற்றல் பாதிப்பு இருந்தது. அவர்கள் தட்டச்சு மெதுவாகவும் சீரில்லாமலும் இருந்தது, குறுஞ்செய்திகள் குறைவாக அனுப்பினார்கள். சுவாரசியமான முடிவுதான். ஆனால் பாதிப்பு இருப்பது தெரிந்தவர்களைத் தெரிந்தே பிரித்துக் காட்டுவது வேறு, நாளைக்கு யாருக்கு வரும் என்று இன்றைக்குச் சொல்வது வேறு. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. பிறகு பயோஜென் என்ற மருந்து நிறுவனம், ஆப்பிளுடன் சேர்ந்து 'இன்டியூஷன்' என்ற பெரிய ஆய்வை நடத்தியது. அமெரிக்காவில் 23,000-க்கும் மேற்பட்டோர் கைப்பேசியையும் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தையும் வைத்தே கலந்துகொண்டார்கள். வீட்டில் இருந்தபடியே இவ்வளவு பேரிடம் தரவு திரட்ட முடியும் என்று காட்டியதே அதன் முதல் பலன்.

பிரபாகர்: நான் மென்பொருள் துறை. 90 சதவீதத் துல்லியம் என்று ஓர் ஆப் விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

நீங்கள் கணக்குப் போடக்கூடியவர், வாருங்கள் போட்டுப் பார்ப்போம். அறிகுறி எதுவும் சொல்லாத ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப் 90 சதவீதம் சரி என்றால் அந்த 50 பேரில் 45 பேரைப் பிடிக்கும். நல்லது. மீதி 950 பேர் நலமானவர்கள். அவர்களில் 10 சதவீதம், அதாவது 95 பேருக்கும் 'பாதிப்பு' என்று சிவப்பு விளக்கு எரியும். மொத்தம் சிவப்பு 140. உண்மையானது 45. ஆகச் சிவப்பு விளக்கு பார்த்துப் பயந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு ஒன்றுமே இல்லை.

அதே ஆப்பை, மறதி என்று சொல்லி மருத்துவரைத் தேடி வந்த ஆயிரம் பேரிடம் கொடுங்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பாதிப்பு இருந்தால், சிவப்பில் பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். ஆப் அதேதான், மாறியது ஆள்கள். அதனால் யாரிடம் சோதித்து அந்த 90 வந்தது என்று விளம்பரத்தில் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. அறிகுறி இல்லாத முதியவர்கள் எல்லோரையும் சோதிக்கலாமா என்று ஆராய்ந்த அமெரிக்க நோய்த் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020-இல் சொன்னது.

பிரபாகர்: அப்படியானால் இந்த வேலையே வீண் இல்லையா?

ஊரில் உள்ளவர்களோடு ஒருவரை ஒப்பிட்டால் கிட்டத்தட்ட வீண்தான். அவரை அவரோடே ஒப்பிட்டால் இல்லை. ஒரு நல்ல உதாரணம்: 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற விளையாட்டு, 2016-இல் வந்தது. வரைபடத்தைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, அது மறைந்த பிறகு படகை வரிசையாகக் குறிகளுக்கு ஓட்ட வேண்டும். உலகம் முழுக்க 40 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். எந்த ஆய்வுக்கூடத்துக்கும் இத்தனை பேர் வந்ததில்லை. அல்சைமர் முதலில் தாக்கும் பகுதிகளில் ஒன்று திசை அறிவதோடு தொடர்புடையது, அதனால்தான் படகு. மறதி எதுவும் இல்லாத, ஆனால் அபாயத்தைக் கூட்டும் அப்போஇ4 மரபணு உள்ளவர்கள் சுற்று வழியில் போனார்கள், கரையோரமாகவே ஒதுங்கினார்கள் என்று 2019-இல் வந்த கட்டுரை காட்டியது. வழக்கமான நினைவுச் சோதனையில் இவர்கள் தனித்துத் தெரியவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். 2022-இல் அதே விளையாட்டிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கும் நகரத்தில் வளர்ந்தவர்களைவிட, வளைந்து நெளிந்த தெருக்களில் வளர்ந்தவர்கள் பொதுவாக நன்றாக வழி கண்டுபிடித்தார்கள். பிறந்து வளர்ந்த தெருவே மதிப்பெண்ணை மாற்றுகிறது என்றால், மற்றவர்களின் சராசரியை வைத்து உங்களுக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது? போன வருடம் நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

செல்வராஜ்: என் மனைவி அதிகம் படிக்கவில்லை, கைப்பேசியும் புதிது. அவருக்கு இதெல்லாம் சரிப்படுமா என்பது ஐயம்தான்.

உங்கள் ஐயம் நியாயமானது. தொடுதிரை பழகாதவரின் தடுமாற்றம் நோய் போலவே பதிவாகும். கருவியும் சும்மா இருப்பதில்லை. சில கைப்பேசிகள் தொட்டதைச் சற்றுத் தாமதமாகவே உணர்கின்றன, நடுவில் கைப்பேசியை மாற்றினால் ஒரே ஆளின் வேகம் மாறினாற்போல் தெரியும். இதனால் முதல் சில நாள் முடிவுகளை நான் பழக்கத்துக்கு என்று விட்டுவிடுவேன். அப்புறம் ஒரு விஷயம். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் யாருக்கும் மதிப்பெண் கொஞ்சம் ஏற வேண்டும். முன்பெல்லாம் இதைத் தொல்லை என்று கழித்துவிடுவோம். இப்போது ஏறாமல் நிற்பவர்களைத்தான் உற்றுப் பார்க்கிறோம், கற்றுக்கொள்வது குறைவதும் ஓர் ஆரம்ப அடையாளம். உங்கள் மனைவி முதல் நாள் எவ்வளவு குறைவாக எடுத்தாலும் கவலைப்படாதீர்கள்.

ஜெயந்தி: கடிகாரம் வரையச் சொல்வார்களே, அதையும் கருவியில் செய்கிறார்களாமே?

எனக்குப் பிடித்த சோதனை அது. 11 மணி 10 நிமிடம் காட்டும்படி வரையச் சொல்வோம். பத்து என்று கேட்டதும் கை 10 என்ற எண்ணுக்கே இழுக்கும், அதை அடக்கிக்கொண்டு 2-க்குப் போக வேண்டும். காகிதத்தில் பார்த்தால் முடிந்த கடிகாரம் மட்டும்தான் தெரியும். டிஜிட்டல் பேனாவோ டேப்லட்டோ வரைந்த விதத்தையும் காட்டும். எண்களை எழுதி முடித்து முள் வரையும் முன் எத்தனை வினாடி பேனா நின்றது, எந்த எண்ணுக்குப் பின் தயங்கினார் என்றெல்லாம். படம் கச்சிதமாக இருந்தும் தயக்கம் நீண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராஜன்: மூளைப் பயிற்சி விளையாட்டு ஆடினால் மறதிநோய் வராதா?

அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். லூமோசிட்டி நிறுவனம் மறதியைத் தள்ளிப்போடும் என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக 2016-இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. பிடித்தால் ஆடுங்கள், காசு கட்டி ஆடாதீர்கள்.

நசீமா: தட்டச்சைக் கவனிக்கிறது என்றால் நான் எழுதுவதையும் படிக்கிறதா?

ஒழுங்காக வடிவமைத்தால் படிக்காது. எந்த எழுத்து என்பது தேவையில்லை, ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு, எத்தனை முறை அழித்தார் என்பது போதும். நடமாட்டத்திலும் முகவரி வேண்டாம், வீட்டிலிருந்து போகும் தூரம் சுருங்குகிறதா என்பதே கேள்வி. குரல்தான் சிக்கல், பேச்சில் சொல் தேடும் இடைநிறுத்தம் நல்ல தகவல் தருகிறது, ஆனால் குரலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு உண்மையான பயம் வேறு: இந்தத் தரவு காப்பீட்டு நிறுவனத்திடமோ முதலாளியிடமோ போனால்? கையெழுத்துப் போடும் முன் தரவு எங்கே தங்கும், விலகினால் அழிப்பார்களா, முடிவை யாருக்குச் சொல்வார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வாருங்கள்.

முருகேசன்: குணமாகாத நோயை முன்கூட்டியே தெரிந்து என்ன லாபம்?

பத்து வருடம் முன்பு கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன். இப்போது அல்சைமருக்கான மருந்துகள் வந்திருக்கின்றன: லெகானெமாப் 2023-இலும் டோனனெமாப் 2024-இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. இரண்டும் ஆரம்பக் கட்டத்தினருக்கு மட்டும். குணப்படுத்தாது, சரிவைக் கொஞ்சம் மெதுவாக்கும்: லெகானெமாப் ஆய்வில் 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் குறைவு. மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு, ஆகையால் எல்லோருக்கும் ஆகாது. மருந்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் காது கேளாமை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, பார்வைக் குறைவு உட்பட 14 காரணிகளைப் பட்டியலிட்டதுதான். இவை எல்லாம் சரியானால் உலகில் மறதிநோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. அதோடு, பணம், வீடு, சிகிச்சை பற்றித் தானே முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்போதே ஒருவருக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. தெரிய வேண்டாம் என்பவரின் உரிமையையும் மதிக்க வேண்டும், அவர் கைப்பேசியில் அவருக்குத் தெரியாமல் எதையும் ஏற்றாதீர்கள்.

கவிதா: மேடம், நான் ஏற்கெனவே ஓர் ஆப்பில் அப்பாவை உட்காரவைத்துவிட்டேன். மதிப்பெண் குறைவு. அவரிடம் எப்படிச் சொல்ல?

மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டாம், அது ஒரு முறை செய்தது, எதையும் நிரூபிக்கவில்லை. "கொஞ்ச நாளாக மறதி தொந்தரவு செய்கிறதே அப்பா, ரத்தப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் செய்துவிட்டு வரலாமா" என்று கேளுங்கள். மருத்துவரிடம் போகும்போது மூன்று தாள் எடுத்துப்போங்கள்: அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், கடைசியாக எடுத்த ரத்த முடிவுகள், கடந்த சில மாதத்தில் நீங்கள் கண்ணால் பார்த்த சம்பவங்கள் தேதியோடு. மருத்துவர் முதலில் படிப்பது அந்த மூன்றாவது தாளைத்தான்.