சர்வர் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எக்ஸ் தளத்தை விட்டு விலகி மாஸ்டடானில் சேரும்படி என் மகன் வற்புறுத்துகிறான். அங்கே முதலாளி என்று யாரும் இல்லையாம். முதலாளி இல்லாமல் இவ்வளவு பெரிய தளம் எப்படி நடக்கும்?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. மாஸ்டடான் என்பது ஒரே தளம் அன்று. ஜெர்மனியில் வசிக்கும் யூஜென் ரோச்கோ 2016இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம்முடைய சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்கும் கணினியில், நிறுவிக்கொள்ளலாம். அவ்வாறு நிறுவப்பட்ட ஆயிரக்கணக்கான சர்வர்கள், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் ஏற்றுக்கொண்ட ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறிமுறையின் (கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகளின்) வழியே ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் வேறொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். அவருக்குப் பதில் எழுதலாம். இந்த வலைப்பின்னல் முழுவதையும் ஃபெடிவெர்ஸ் என்கிறார்கள்.

2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை (இன்றைய எக்ஸ்) 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். விதிகளும் ஊழியர்களும் சில வாரங்களில் மாறிப்போனார்கள். ஃபெடிவெர்ஸை அப்படி மொத்தமாக விலைபேச முடியாது. ஆனால் ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உங்கள் கணக்கை முடக்கவும், பதிவை நீக்கவும், வேறொரு சர்வரோடு உள்ள தொடர்பைத் துண்டிக்கவும் அவரால் முடியும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம் அல்லவா? அந்த விசாரணை இங்கும் வேண்டும். சர்வரின் அறிமுகப் பக்கத்தில் நிர்வாகி யார், விதிகள் எவை, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எதுவுமே எழுதப்படாத சர்வர் எவ்வளவு வேகமாக இயங்கினாலும் அதில் சேர வேண்டாம்.

கேள்வி: 2019இல் இந்தியர்கள் கூட்டமாக மாஸ்டடானுக்குப் போனார்கள் என்று எங்கள் பேராசிரியர் குறிப்பிட்டார். என்ன நடந்தது? அங்கே அரசியல் பேச உண்மையிலேயே கட்டுப்பாடு இல்லையா?
– சட்டக் கல்லூரி மாணவி, சென்னை

பதில்: உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே தம் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் 1936ஆம் ஆண்டுப் படம் ஒன்றை வைத்திருந்தார். ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் கூட்டம் முழுவதும் கையை நீட்டி நாஜி வணக்கம் செய்ய, ஒரே ஒரு மனிதர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் புகழ்பெற்ற படம் அது. நாஜிகளுக்கு எதிரான அந்தப் படத்தை வெறுப்பைப் பரப்பும் படமாகக் கருதி, 2019 அக்டோபரில் ட்விட்டர் அவருடைய கணக்கை முடக்கியது. பிறகு திறந்துவிட்டு, முன்பு பகிர்ந்த ஓர் இந்திக் கவிதைக்காக மறுபடியும் முடக்கியது. இதை எதிர்த்துத்தான் அந்த நவம்பரில் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் மாணவர்களுமாகப் பலர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் விரைவிலேயே பழைய இடத்துக்குத் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசியல் பேச வந்தவருக்கு அமைச்சரும் பத்திரிகையாளரும் எதிர்க்கட்சிக்காரரும் இருக்கும் இடம்தான் தேவைப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் அன்று இடம் மாறவில்லை.

கட்டுப்பாடு பற்றிய உங்கள் கேள்விக்கு அதே ஆண்டின் வேறொரு நிகழ்ச்சி பதிலாகும். தீவிர வலதுசாரிகள் திரண்டிருந்த கேப் என்னும் அமெரிக்கத் தளம் 2019 ஜூலையில் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்படி அதை ரோச்கோவாலும் தடுக்க இயலவில்லை. ஆனால் ஏராளமான சர்வர் நிர்வாகிகள் கேப்பிலிருந்து எதுவும் தங்கள் பக்கம் வராதபடி தொடர்பைத் துண்டித்தார்கள். கைபேசிச் செயலிகளை உருவாக்கியவர்கள் சிலர் அந்த முகவரியையே தங்கள் செயலியில் தடுத்தார்கள். கேப் தன் போக்கில் இயங்கியது. அதன் குரல் மட்டும் பிற சர்வர்களில் பெரும்பாலும் ஒலிக்கவில்லை. ஆகவே இந்த அமைப்பில் பேசும் உரிமையை உங்களிடமிருந்து பறிப்பது கடினம். ஆனால், மற்றவர்கள் அதைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. இது சரியான ஏற்பாடு என்பதே என் கருத்து.

குறையும் உண்டு. அரசியல் பதிவுகளை எச்சரிக்கை வரி ஒன்றின் பின்னால் மடித்து வைக்கும் பழக்கம் அங்கே பல சர்வர்களில் நெடுநாளாக இருந்துவருகிறது. விரும்புகிறவர் தட்டித் திறந்து படிக்கலாம். தேர்தல் காலத்தில் இது நல்ல பழக்கமாகவே தோன்றும். ஆனால் 2022 இறுதியில் வந்து சேர்ந்த கறுப்பின அமெரிக்கர்கள், தாங்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் இனவெறியைப் பற்றி எழுதியபோது, அதையும் மடித்து வைக்குமாறு பழைய பயனர்கள் அறிவுரை சொன்னார்கள். ஒருவருடைய வாழ்க்கையை இன்னொருவர் ‘அரசியல்’ என்று பெயரிட்டுத் திரைபோடச் சொல்வது எவ்வளவு நாகரிகமாகச் சொல்லப்பட்டாலும் வாயை அடைக்கும் செயல்தான். சாதியைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு நம் ஊரில் கிடைக்கும் அறிவுரையும் இதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

கேள்வி: நான் அரசு ஊழியர். புனைபெயரில் ஒரு கணக்கு தொடங்கி மனத்தில் பட்டதை எழுதினால் பிடிபட மாட்டேன் அல்லவா? தனிச் செய்தியாக அனுப்பினால் இன்னும் பாதுகாப்புதானே?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: இரண்டுக்கும் என் பதில் ‘இல்லை’ என்பதே. மாஸ்டடான் உங்கள் உண்மைப் பெயரையோ கைபேசி எண்ணையோ கேட்பதில்லை. விளம்பரத்துக்காக உங்களைப் பின்தொடர்வதும் இல்லை. அந்த அளவில் அது மேலானது. ஆனால் உங்கள் மின்னஞ்சல் முகவரியும், எந்த ஐபி முகவரியிலிருந்து (உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்ணிலிருந்து) உள்ளே வந்தீர்கள் என்ற விவரமும் சர்வரில் பதிவாகின்றன. நீங்கள் ‘தனிச் செய்தி’ என்று கருதுவது, குறிப்பிட்ட சிலர் மட்டும் பார்க்கும்படி குறிக்கப்பட்ட சாதாரணப் பதிவுதான். வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் உள்ளதுபோல இரு முனைக்கும் இடையே யாரும் படிக்க முடியாத மறையாக்கம் அதற்கு இல்லை; உங்கள் சர்வரின் நிர்வாகியும், பெறுபவர் வேறு சர்வரில் இருந்தால் அங்குள்ள நிர்வாகியும், நினைத்தால் அதைப் படிக்க முடியும்.

எழுதும் பெட்டியிலேயே இன்னொரு பொறி உள்ளது. இரண்டு பேருக்குள் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாமவரைக் குறைகூற நினைத்து, அவருடைய பெயரை ‘அட்’ குறியோடு முழுமையாகத் தட்டினால், அந்தப் பதிவு அவருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். குறிப்பிடப்பட்டவர் எல்லாரும் பெறுநரே என்பது அந்த மென்பொருளின் விதி. மேலதிகாரியைப் பற்றிப் புலம்ப நினைப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

2023 மே மாதத்தில் நடந்ததையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். கொலெக்டிவா என்ற சர்வரின் நிர்வாகிகளில் ஒருவருடைய வீட்டை அமெரிக்காவின் எஃப்பிஐ சோதனையிட்டது. வழக்கு வேறொரு போராட்டம் தொடர்பானது. சர்வருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஏதோ ஒரு கோளாறைச் சரிசெய்வதற்காக அவர் சர்வரின் தரவுத்தளத்தை மறையாக்கம் செய்யாமல் தம் கணினியில் நகலெடுத்து வைத்திருந்தார். எல்லாக் கருவிகளையும் அள்ளிச் சென்றபோது, பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும், பின்தொடர்வோருக்கு மட்டும் என்று எழுதப்பட்ட பதிவுகளும், தனிச் செய்திகளும் சேர்ந்தே போயின. அந்த நிர்வாகி நம்பத்தகாதவர் அல்லர். தவறான நேரத்தில் ஒரு நகல் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் பணியைப் பொறுத்தவரை, தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 புனைபெயருக்கு விலக்கு அளிக்கவில்லை. நீங்கள் எழுதும் பொருள், எழுதும் நேரம், அலுவலகத்துக்குள் மட்டுமே தெரிந்த ஒரு சிறு விவரம் ஆகியவற்றை வைத்தே உடன் வேலை செய்பவர் உங்களை அடையாளம் கண்டுவிடுவார். அதற்கு ஐபி முகவரி தேவைப்படாது.

கேள்வி: அரசியல் எனக்கு வேண்டாம். பறவைகளைப் படம் எடுப்பேன், அவ்வளவுதான். எனக்கு அங்கே இடம் உண்டா?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

பதில்: உங்களைப் போன்றவர்களால்தான் அந்த இடம் உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. கோபத்தோடு வந்து சேர்ந்தவர்கள் கோபம் தணிந்ததும் கிளம்பிவிட்டார்கள். தங்களுக்குப் பிடித்த ஒன்றோடு வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். கணித வாய்பாடுகளை ஒழுங்காகக் காட்டும் வசதியுடன் கணித ஆர்வலர்களுக்கென்றே மாத்ஸ்டடான் என்ற சர்வர் நடக்கிறது. உலகறிந்த கணித மேதை டெரன்ஸ் டாவ் அங்கே எழுதுகிறார். புகைப்படத்துக்கு பிக்சல்ஃபெட், படித்த புத்தகங்களைப் பற்றிப் பேச புக்வர்ம் எனத் தனித்தனி மென்பொருள்களும் உண்டு. அவை மாஸ்டடானோடும் பேசும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சொல்லும் எழுதாமல் ஒரு படத்தை மட்டும் ‘சைலன்ட் சண்டே’ என்ற ஹேஷ்டேகுடன் பதிவிடுவது அங்கே பல ஆண்டுப் பழக்கம்.

உங்களுக்கு எதைக் காட்டலாம் என்று கணக்குப்போடும் அல்காரிதம் அங்கே முகப்பில் இல்லாததால், முதல் வாரம் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். பலர் அந்த வாரத்திலேயே ஓடிவிடுகிறார்கள். ஆட்களைத் தேடுவதற்குப் பதிலாகப் பறவை தொடர்பான ஹேஷ்டேகுகளையே பின்தொடருங்கள். அந்த வசதி 2022 நவம்பரிலிருந்து மாஸ்டடானில் இருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் பார்வையற்றவர்களுக்காக இரண்டு வரி விவரிப்பு எழுதுங்கள். ‘பறவை’ என்று மட்டும் எழுதாமல், ‘ஆகாயத்தாமரை இலையின் மேல் ஒற்றைக்காலில் நிற்கும் மடையான், கழுத்தை உள்ளிழுத்திருக்கிறது’ என்று எழுதினால் பார்வையுள்ளவர்களும் நின்று படிப்பார்கள். இந்த விவரிப்பு இல்லாத படத்தைப் பகிர மறுப்பவர்கள் அங்கே கணிசமாக இருக்கிறார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அரசியல் எழுதுகிறவர் எப்போதும் விழிப்போடு இருப்பார். பொழுதுபோக்கைப் பற்றி எழுதுகிறவர் விழிப்பில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு சிங்காநல்லூர் குளத்தின் ஒரே கரையிலிருந்து படம் போட்டால், நீங்கள் எங்கே, எப்போது, தனியாகவா இருக்கிறீர்கள் என்பதை ஒரு மாதத்தில் யாரும் கணித்துவிடலாம். படத்தை மாலையிலோ மறுநாளோ போடுங்கள். கூட்டில் குஞ்சுகள் இருந்தால் இடத்தின் பெயரே வேண்டாம். பறவை ஆர்வலர்களின் ஈபேர்ட் தளமும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டுவதில்லை.

கேள்வி: புளூஸ்கையும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. புளூஸ்கையும் எக்ஸ் போன்ற சமூகத் தளம்தான், ஆனால் அதன் நெறிமுறை வேறு. பரவலாக்கம் என்று சொன்னாலும் அதன் பயனர்களில் பெரும்பாலோரின் கணக்குகள் புளூஸ்கை என்ற ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன.

கேள்வி: நான் சேர்ந்திருக்கும் சர்வரை நாளையே மூடிவிட்டால் என் பதிவுகள் என்ன ஆகும்?
– மென்பொருள் சோதனையாளர், பெங்களூரு

பதில்: பதிவுகள் போய்விடும். வேறு சர்வருக்குக் குடிபெயரும்போது உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே கூட வருவார்கள். நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலைக் கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். எழுதியவை மட்டும் வாரா. அதிலும் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே குடிபெயர வேண்டும்.

குயர் டாட் ஏஎஃப் என்ற சர்வரின் கதையைப் பாருங்கள். ‘ஏஎஃப்’ என்பது ஆப்கானிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்ட இணைய முகவரி. அந்த ஈற்றைப் பாலினச் சிறுபான்மையினருக்கான ஒரு சர்வர் பயன்படுத்தி வந்தது. தாலிபான் அரசு 2024 பிப்ரவரியில் அந்த முகவரியை முடக்கியது. எந்திரம் எங்கோ பத்திரமாக இருந்தது. பெயர் போனதும் சர்வர் போயிற்று. சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் முகவரியின் கடைசி எழுத்துகள் எந்த நாட்டுக்கு உரியவை என்று பார்ப்பதும் அந்த வீட்டுக்காரர் விசாரணையின் ஒரு பகுதிதான். உங்கள் பதிவுகளின் நகலை அமைப்புகள் பகுதியிலிருந்து அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து தமிழில் ஒரு சர்வர் நடத்த நினைக்கிறோம். சட்டச் சிக்கல் வருமா? செலவு அதிகமா?
– பொறியியல் பட்டதாரி, திருச்சி

பதில்: நடத்தலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் ஓர் இடைநிலையாளர், அதாவது மற்றவர்கள் எழுதுவதைக் கொண்டு சேர்ப்பவர். மற்றவர் எழுதியதற்கு நீங்கள் பொறுப்பாகாதபடி அதன் 79ஆம் பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. அதற்கு ஈடாக, 2021ஆம் ஆண்டு விதிகளின்படி குறைகேட்பு அலுவலர் ஒருவரின் பெயரை வெளியிட வேண்டும். நீதிமன்றமோ அரசோ முறைப்படி ஆணையிட்டால் குறித்த காலத்துக்குள் பதிவை நீக்க வேண்டும். 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கான கூடுதல் கடமைகள் உங்களைத் தொடாது.

செலவைப் பொறுத்தவரை, ஆள் எண்ணிக்கையைவிடப் படங்களும் காணொளிகளும்தான் இடத்தை விழுங்கும். உங்கள் பயனர் ஒருவர் வெளிநாட்டுப் புகைப்படக்காரரைப் பின்தொடர்ந்தால் அவர் போடும் படங்களின் நகல்கள் உங்கள் சர்வரிலும் வந்து குவியும். அவற்றை இத்தனை நாளுக்கு ஒருமுறை தானாக அழிக்கும்படி தொடக்கத்திலேயே அமைத்துவிடுங்கள். பணத்தைவிட ஆள் பற்றாக்குறைதான் சிறு சர்வர்களை மூட வைக்கிறது. நள்ளிரவில் வரும் புகார்களைப் பார்ப்பதும், நண்பர் என்று பாராமல் ஒருவருடைய கணக்கை முடக்குவதும் ஒரே ஆளின் தலையில் விழுந்தால் ஓராண்டில் அவர் சலித்துவிடுவார். கட்சிகளைப் பற்றிய சண்டை வரும்போது முடிவெடுப்பவர் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் சர்வரின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும், தரவுத்தளத்தின் நகல் எங்கே, மறையாக்கம் செய்துதான் வைக்கப்படுகிறதா என்ற நான்கையும் எழுத்தில் முடிவுசெய்த பிறகு டொமைன் (சர்வருக்கான இணைய முகவரி) வாங்குங்கள்.