போனில் சொன்னது பதிவாகாது
ஆன்லைனில் வாங்குவோரும் விற்போரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆன்லைனில் மிக்ஸி வாங்கினேன். சட்னி ஜாரின் அடியில் விரிசல். செல்லருக்குப் போன் செய்தால், "ரிட்டர்ன் போடாதீங்க மேடம், புது ஜார் அனுப்பிடறோம்" என்றார். இரண்டு வாரமாகியும் வரவில்லை. இப்போது ஆப்பில் ரிட்டர்ன் பட்டனையே காணோம். – வாசகி, கரூர்

பதில்: பட்டன் மறைந்துவிட்டது என்றால் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். டெலிவரி ஆன நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். பொருளைப் பொறுத்து 7 நாள், 10 நாள் என்று மாறும். செல்லர் போனில் என்ன வாக்குக் கொடுத்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. அவர் சொன்னது ஆப்பை நடத்தும் நிறுவனத்தின் பதிவில் எங்கும் ஏறாததால், அவர்கள் கணக்கில் நீங்கள் இதுவரை புகாரே செய்யவில்லை. "ரிட்டர்ன் போடாதீங்க" என்று யார் சொன்னாலும் முதலில் ரிட்டர்னைப் பதிவு செய்யுங்கள். மாற்று ஜார் வந்துவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

இப்போதும் வழி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. ஆப்பில் அந்த ஆர்டரைத் திறந்து, உதவிப் பகுதியின் சாட்டில் இப்படி எழுதுங்கள்:

"ஆர்டர் எண் (எண்ணை எழுதவும்). டெலிவரி 3-ஆம் தேதி. சட்னி ஜாரின் அடியில் விரிசல், தண்ணீர் ஊற்றினால் ஒழுகுகிறது. 4-ஆம் தேதி காலை 11.20-க்கு விற்பனையாளரிடம் போனில் தெரிவித்தேன். மாற்று ஜார் அனுப்புவதாகச் சொன்னார், வரவில்லை. புதிய ஜார் அல்லது முழுத் தொகை, இரண்டில் ஒன்று வேண்டும். படங்கள் 4, அழைப்புப் பதிவின் ஸ்கிரீன்ஷாட் 1 இணைத்துள்ளேன்."

இவ்வளவே போதும். மறுமுனையில் இருப்பவர் ஒரே நேரத்தில் பல சாட்களைக் கவனிப்பவர். அவர் தேடுவது ஆர்டர் எண், பழுது என்ன, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற மூன்றைத்தான். கோபத்தை நான்கு பத்தி கொட்டினால் இந்த மூன்றும் அதில் மூழ்கிவிடும். "சரியில்லை" என்று மட்டும் எழுதுவதும், காரணப் பட்டியலில் அவசரத்தில் "பிடிக்கவில்லை" என்பதைத் தொடுவதும் பெரிய தவறு. பழுது என்று பதிவானால் பொறுப்பு விற்றவருடையது. பிடிக்கவில்லை என்று பதிவானால் உங்கள் மனமாற்றமாகிவிடும், பிறகு மாற்ற முடியாமல் திண்டாடுவீர்கள். சாட்டை மூடுவதற்கு முன் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தருவது அவர்கள் கடமை. முழு உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை பார்சல் வந்ததும் பிரிப்பதற்கு முன் ஆறு பக்கமும் படம் எடுங்கள். ஏ.டபிள்யூ.பி. எண் (கூரியர் பார்சல் எண்) உள்ள லேபிளைக் காட்டுவதில் தொடங்கி, பொருளை வெளியே எடுப்பது வரை நடுவில் நிறுத்தாத ஒரே வீடியோவாக இருக்கட்டும். ரிட்டர்ன் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.

கேள்வி: இளம்பிள்ளையிலிருந்து ஆன்லைனில் சேலை விற்கிறேன். "கலர் வேற" என்று ரிட்டர்ன் வருகிறது, ஒற்றை ஸ்டார் விழுகிறது. திரும்பி வரும் சேலையில் சில சமயம் ஃபால்ஸ் தைத்திருக்கிறது, சில சமயம் சேலையே வேறாக இருக்கிறது. – வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: நிறப் புகாரின் வேர் பெரும்பாலும் உங்கள் படத்திலும் விவரத்திலும் இருக்கும். ரிங் லைட்டில் எடுத்து ஃபில்டர் போட்ட படம் கண்ணைப் பறிக்கும், ரிட்டர்னையும் கூட்டும். காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, படத்திலும் அது வெள்ளையாகவே தெரிகிறதா என்று பாருங்கள். உடல், பார்டர், முந்தானை, ரவிக்கைத் துணி, உள்பக்கம் என ஐந்து படம் வேண்டும். விவரத்தில் "மெரூன்" என்று நிறுத்தாமல் அரக்கா, மாதுளையா என்று சொல்லுங்கள். பாவும் (நீளவாக்கு இழை) ஊடும் (குறுக்கிழை) வேறு நிறமென்றால், "பாவு பச்சை, ஊடு நீலம்; வெயிலில் பச்சை தூக்கலாகத் தெரியும்" என்று முன்கூட்டியே எழுதுங்கள். சேலை 5.5 மீட்டர், ரவிக்கை 80 செ.மீ. என்றால் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, ரவிக்கை சேலையோடு சேர்ந்தே வருகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். ஆர்ட் சில்க் (செயற்கைப் பட்டு) சேலையை வெறும் "பட்டு" என்று போடாதீர்கள். வாங்குபவரை ஏமாற்றுவது அது. சொன்னபடி இல்லாத பொருள் என்று அவர் திருப்பி அனுப்பினால் உங்களால் வாதாடவும் முடியாது.

ஒற்றை ஸ்டாருக்கு எழுதும் பதில், ஸ்டார் போட்டவரைவிட அடுத்து வாங்க வருபவருக்காகத்தான். அன்றே எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள்: "நிறம் எதிர்பார்த்தபடி இல்லாததற்கு வருந்துகிறோம். இந்தச் சேலை விளக்கொளியில் கருஞ்சிவப்பாகத் தெரியும். பகல் வெளிச்சப் படத்தை இன்று சேர்த்துவிட்டோம். ரிட்டர்ன் பதிவு செய்தால் ஏற்றுக்கொள்கிறோம்." ஐம்பது ரூபாய் தருகிறோம், ஸ்டாரை மாற்றுங்கள் என்று பார்சலில் சீட்டு வைப்பது, வாட்ஸ்அப் எண் கொடுத்து வெளியே இழுப்பது இரண்டுமே கணக்கை முடக்கவைக்கும். வீட்டாரை வாங்குபவர்போல ரிவ்யூ எழுதச் சொல்வதை மேலே சொன்ன விதிகளே தடை செய்கின்றன.

உடுத்திய சேலை திரும்பி வருவதற்கு மருந்து டேக். முந்தானையில், உடுத்தினால் வெளியே தெரியும் இடத்தில் எண்ணிட்ட டேக்கைக் கட்டுங்கள். டேக் நீக்கினால் ரிட்டர்ன் ஏற்க இயலாது என்று விவரத்திலும் போடுங்கள். ஆனால் சேலை பழுதாக இருந்தால் அந்த நிபந்தனையைக் காட்டாதீர்கள். பேக்கிங்கை ஒரே ஷாட்டில் எடுங்கள்: விரித்த சேலை, டேக் எண், கவர், எடை மிஷினில் காட்டும் எடை, ஒட்டிய லேபிள். ரிட்டர்ன் வந்ததும் லேபிளில் தொடங்கி, எடை போட்டு, கேமரா முன்னால்தான் பிரிக்க வேண்டும். வீடியோவுக்கு ஆர்டர் எண்ணையே பெயராக வைத்தால் தேட வேண்டியதில்லை. "அனுப்பிய எடை 620 கிராம், வந்தது 410 கிராம், டேக் எண் வேறு" என்று ஆப் நிறுவனத்திடம் அன்றே கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) போடுங்கள். இதற்கான கெடு மிகக் குறுகியது. நாளை பார்க்கலாம் என்று மூட்டையோடு ஒதுக்கி வைப்பதால்தான் நியாயமான கிளெய்ம்களும் தோற்கின்றன.

கேள்வி: ரீஃபண்ட் அனுப்பியாச்சு என்கிறது நிறுவனம். வரவில்லை என்கிறது வங்கி. யாரை நம்புவது? – வாசகர், திருச்சி

பதில்: எண்ணை நம்புங்கள். யு.பி.ஐ. என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், கார்டு என்றால் ஏ.ஆர்.என். (கார்டு ரீஃபண்டைத் தேட உதவும் குறிப்பு எண்) எண்ணை நிறுவனத்திடம் கேளுங்கள். அதை வைத்து வங்கியால் பணத்தைத் தேட முடியும். அதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். கிரெடிட் கார்டில் கட்டிய பணம் கார்டு பாக்கியில்தான் கழியும், சேமிப்புக் கணக்குக்கு வராது. ரிட்டர்ன் போடும்போது கவனிக்காமல் ஆப்பின் வாலட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் பணம் அங்கேயே இருக்கும்.

கேள்வி: கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடி அழைத்தேன். ரீஃபண்டுக்கு ஒரு ஆப்பை இறக்கி, யு.பி.ஐ. பின் போடச் சொன்னார்கள். போடலாமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: போடவே கூடாது. பின் என்பது பணம் அனுப்புவதற்கு, பெறுவதற்குத் தேவையில்லை. அந்த ஆப் உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டும், உடனே நீக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம். உதவி எண்ணை ஆப்புக்குள் இருந்து மட்டுமே எடுங்கள்.

கேள்வி: எல்லாம் எழுதியும் கைவிரித்துவிட்டார்கள். அடுத்து? – வாசகர், விருதுநகர்

பதில்: நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை, புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோய்ப் பதில் கேட்பார்கள்.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், சாட் பதிவு, புகார் எண், மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். விளம்பரப் பக்கத்தை முதலில் எடுங்கள். செல்லர் அதை எந்த நேரத்திலும் மாற்றிவிடலாம்.