பழைய கான்கிரீட்ல துருக்கறை, பெயிண்ட் அடிக்கலாமா?
பெயிண்ட் அடிக்காதீங்க. 1960கள்ல கட்டுன காலேஜ் பில்டிங், சன்ஷேடு வெடிச்சு துருக்கறை வழியுதுன்னு சொல்றீங்க, அதுமேல பெயிண்ட் அடிச்சா உள்ள கம்பி துருப்பிடிக்கிறது நிக்கப்போறதில்ல, பூசாத கான்கிரீட்ல பதிஞ்ச அந்த சென்ட்ரிங் பலகைத் தடம்தான் கட்டடத்துக்கே முகம், அதுவும் போயிடும். சண்டிகர்ல கட்டடக்கலைஞர் லெ கார்பூசியர் கட்டுனதும் இதே பூசாத கான்கிரீட்தான், 2016ல யுனெஸ்கோ பட்டியல்லயே ஏறிடுச்சு, நம்மாளுங்க என்னன்னா டிஸ்டெம்பர் டப்பாவோட நிக்கிறாங்க.

துருவுக்குக் காரணம் பெரும்பாலும் கார்பனேஷனா இருக்கும், அதாவது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு உள்ள இறங்கி காரத்தன்மை குறைஞ்சா கம்பிக்கு பாதுகாப்பு போச்சு.

புதுசா உடைச்ச இடத்துல பினாப்தலின் கரைசல் (காரம் இருந்தா நிறம் மாறுற ரசாயனம்) தெளிச்சுப் பாருங்க. பிங்க் ஆனா காரம் இருக்கு, நிறம் மாறாத பகுதி கம்பி வரைக்கும் போயிருந்தா சிக்கல்.

கடலோரம்னா இது பத்தாது, உப்பால வர்ற துரு இதுல தெரியாது, குளோரைடு டெஸ்ட் தனியா பண்ணணும்.