பெரிய நாயை எங்கே அவிழ்த்து விடுவது?

திருகோணமலை வாசகர்களிடமிருந்து ஒரே விடயத்தைச் சுற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. அல்சேஷன், ரொட்வைலர், லப்ரடோர் போன்ற பெரிய நாய்களை வெளியே கொண்டுபோய் ஓடவிடலாமா, எங்கே, எப்படி என்பதே எல்லோருடைய கேள்வியும். கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கனடாவில் இருக்கும் என் தம்பி தன் நாயை நாய்ப் பூங்காவுக்குக் கொண்டுபோய் மற்ற நாய்களோடு ஓடவிடுகிறான். எங்களிடம் 2 வயது அல்சேஷன் இருக்கிறது, 34 கிலோ. பகல் முழுக்கக் கட்டியே கிடக்கிறது. அதற்கும் அப்படி ஓர் இடம் தேவையா? ஆபத்தில்லையா?
– வாசகி, உவர்மலை

ஓட்டம் கட்டாயம் தேவை. கூட்டம் எல்லா நாய்க்கும் தேவையில்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம்.

1979இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் திறக்கப்பட்ட ஓலோனி பூங்காவைத்தான் இந்த வகையில் முதலாவது என்பார்கள். ஒழுங்காக அமைத்த பூங்காவில் சுற்றிவர உயர்ந்த வேலி, ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கும் இரட்டைப் படலை, சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி ஆகிய மூன்றும் இருக்கும். மூன்றாவதைத்தான் நம்மவர்கள் யோசிப்பதில்லை. 34 கிலோ நாய் விளையாட்டாகப் போடும் ஒரு அடி 5 கிலோ பொமேரியனின் விலா எலும்பை முறிக்கப் போதும். இன்னொன்றும் நடக்கும்: சின்ன நாய் பயந்து வீரிட்டபடி ஓடினால், அதுவரை விளையாடிக்கொண்டிருந்த பெரிய நாய்க்குத் துரத்திப் பிடிக்கும் உணர்வு கிளம்பிவிடும். அதற்கு நாய் கெட்ட குணமுள்ளதாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளைகளோடு சாதுவாகக் கிடக்கும் நாயும் அப்படிக் கடித்துவிடும்.

நன்மையும் சிறியதல்ல. முழு வேகத்தில் ஓடுவது, மூக்கு நிறைய மணப்பது, இன்னொரு நாயின் உடலசைவைப் பார்த்து விலகவும் நெருங்கவும் பழகுவது ஆகிய மூன்றும் சங்கிலியில் கிடைக்காது. கட்டியே வைத்திருக்கும் நாய் ஓயாமல் குரைப்பதும், கிடங்கு தோண்டுவதும், செருப்பைக் கடித்துக் குதறுவதும் பெரும்பாலும் இந்தக் குறையால்தான். தயவுசெய்து அதற்கு அடிக்காதீர்கள்.

2, 3 வயதைத் தாண்டிய நாய்கள் பல, முன்பின் தெரியாத நாய்களை விரும்புவதில்லை. அது குறைபாடு அல்ல, வளர்ந்ததன் அடையாளம். உங்கள் நாய்க்கு நன்றாகப் பழகிய ஒன்றிரண்டு நாய்களும் ஒரு மதில் வளவும் போதும். சூட்டில் இருக்கும் பெண் நாயையும் (ஏறத்தாழ 3 வாரம்), பந்தையோ எலும்பையோ காவல் காக்கும் நாயையும், பயந்த நாயையும் கூட்டத்துக்குள் விடவே கூடாது. பயந்த நாய் கூட்டத்தில் விட்டால் தைரியம் பெறும் என்று பலர் நம்புகிறார்கள். பயம் முற்றித்தான் அது கடிக்கத் தொடங்கும்.

டச் பே கடற்கரையிலோ உப்புவெளியிலோ காலையில் அவிழ்த்து விடலாமா? கோட்டைப் பக்கம் எப்படி?
– வாசகர், அலஸ்தோட்டம்

கோட்டை வேண்டாம். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. அவை நாயைக் கண்டு பழகியவைதான். ஆனால் ஒரு பெரிய நாய் துரத்தினால் மான் வீதிக்குப் பாயும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களும் அதே பாதையில்தான் போகிறார்கள்.

கடற்கரைக்குப் போகலாம், ஆனால் நீளக் கயிற்றோடு. கரைவலை இழுக்கும் இடங்களையும் வள்ளம் ஏற்றிய இடங்களையும் விட்டு விலகிப் போங்கள். அங்கே தூண்டில் முள், வலைத்துண்டு, மீன் கழிவு எல்லாம் கிடக்கும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். அந்த மாதங்களில் விடியற்காலைதான் சரி.

மீன்பிடிச் சாமான் கடையில் 8 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 10 மீற்றர் வாங்குங்கள். ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு முடிச்சுப் போட்டால் கையில் வழுக்காது. கொளுவி பித்தளையாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்கட்டும். சாதாரண இரும்புக் கொளுவியை உப்புக் காற்று தின்று, ஒருநாள் இழுவையில் அது விட்டுப் போகும். கயிற்றைக் கழுத்துப்பட்டியில் மாட்டாமல் நெஞ்சுப்பட்டியின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். 10 மீற்றர் ஓடி வேகம் எடுத்த நாய் கழுத்தில் சுண்டி நின்றால் மூச்சுக்குழாய் காயப்படும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். விரல் முறியும்.

எப்போது கயிறில்லாமல் விடலாம்? கூப்பிட்டால் வரும்போது. அதைப் பழக்குவது வீட்டு வளவில் தொடங்க வேண்டும். பெயரை ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள், வந்தவுடன் விரல் நுனியளவு அவித்த கோழி கொடுங்கள். நாளுக்குப் பத்துத் தடவை. பத்தில் ஒன்பது தடவை உடனே வந்தால் நீளக் கயிற்றோடு கடற்கரையில் அதே பயிற்சி. அங்கே வேறொரு நாயைக் கண்ட பிறகும் திரும்பி வந்தால்தான் பழகியதாகக் கொள்ளலாம். இதில் பலர் விடும் பிழை, வீட்டுக்குப் போகும்போது மட்டும் கூப்பிடுவது. கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது என்று நாய் கற்றுக்கொள்ளும். நாலு தடவை கூப்பிட்டால் மூன்று தடவை தடவிக் கொடுத்து மறுபடி ஓடவிடுங்கள்.

கட்டாக்காலி நாய்கள் வந்தால் ஓடாதீர்கள். உங்கள் நாயை மறுபக்கம் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நடந்து விலகுங்கள். கல் எடுப்பதுபோல் குனிந்தாலே பெரும்பாலானவை பின்வாங்கும். விசர் நோய்த் தடுப்பூசி வருடாவருடம் போட்டிருக்க வேண்டும். முன்பின் தெரியாத நாய் உங்கள் நாயைக் கடித்தால், ஊசி போட்டிருந்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மிருக வைத்தியரிடம் உடனே காட்டி மேலதிக ஊசி போடுங்கள்.

கரையில் கிடந்த பேத்தை மீனை எங்கள் லப்ரடோர் வாயில் எடுத்துவிட்டது. பறித்துவிட்டோம். அது உண்மையில் அவ்வளவு நஞ்சா?
– வாசகர், திருக்கடலூர்

ஆம். பறித்தது நல்ல காரியம். பேத்தையின் ஈரல், சினை, தோல் ஆகியவற்றில் இருக்கும் நஞ்சு நரம்பை முடக்கும். வெயிலில் காய்ந்து சுருண்டாலும் நஞ்சு போகாது. வலையில் பட்டதை மீனவர்கள் ஒதுக்கி எறிவதால், அலை ஏறி நின்ற கோட்டில் பாசியோடும் குப்பையோடும் கலந்து கிடக்கும். அந்தக் கோட்டை விட்டு ஈர மணலில் நடத்துங்கள்.

விழுங்கிவிட்டால் வாயில் நீர் ஒழுகும், வாந்தி வரும். பின்கால் தள்ளாடும், பிறகு எழும்ப முடியாமல் போகும். கடைசியில் மூச்சு நின்றுவிடும். முறிமருந்து கிடையாது, மூச்சைத் தாங்கும் சிகிச்சைதான் உண்டு. அறிகுறி வரும்வரை பார்த்திருக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் போங்கள், மீனின் மிச்சத்தைப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். வாந்தி எடுக்க வைப்பதற்கென்று உப்புத் தண்ணீர் பருக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லும். கண்டதையெல்லாம் விழுங்கும் நாய்க்குக் கூடை வடிவ வாய்மூடி போடுங்கள். அதைப் போட்டபடி நாய் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடி இந்த வெக்கையில் ஆபத்து.

சாம்பல்தீவில் 25 பேர்ச் வெற்றுக் காணி இருக்கிறது. நண்பர்கள் மூவரும் சேர்ந்து எங்கள் நாய்களை (ஒரு ரொட்வைலர், இரண்டு லப்ரடோர்) அங்கே விட யோசிக்கிறோம். எப்படித் தொடங்குவது?
– வாசகர், லிங்கநகர்

இதைவிட நல்ல யோசனை இன்று வந்த கடிதங்களில் இல்லை. மூன்று நாய்க்கு 25 பேர்ச் போதும்.

மதிலோ கம்பி வலையோ 6 அடி உயரம் வேண்டும். 4 அடியை அல்சேஷனும் ரொட்வைலரும் பாய்ந்து கடக்கும். வலையானால் அடியில் ஒரு அடி மண்ணுக்குள் இறங்கட்டும், அல்லது கல் அடுக்குங்கள். படலைக்கு உள்ளே 2 மீற்றருக்கு 2 மீற்றர் அளவில் இன்னொரு சிறு கூடும் படலையும் வையுங்கள். சண்டைகளில் பல படலையடியில்தான் தொடங்கும், உள்ளே நிற்பவை எல்லாம் ஓடிவந்து புதிதாக வருவதை மொய்ப்பதால். வந்த நாயைக் கூட்டுக்குள் நிறுத்தி, மற்றவற்றைத் தூரக் கூப்பிட்ட பிறகு விடுங்கள். நெருஞ்சி முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி எடுங்கள். நிழலுக்கு வேம்பு இல்லாவிட்டால் கிடுகுப் பந்தல் ஒன்று.

முதல் சந்திப்பு காணிக்குள் வேண்டாம். வெளியே வீதியில் இரண்டு நாய்களை 6 மீற்றர் இடைவெளியில் ஒரே திசையில் நடத்துங்கள். ஒன்றையொன்று முறைக்காமல் தரையை மணக்கத் தொடங்கினால் இடைவெளியைக் குறையுங்கள். 15 நிமிடம் அப்படி நடந்த பிறகு உள்ளே போய், கயிறு தரையில் இழுபட விடுங்கள். மூன்றாவது நாய் வேறொரு நாளில் வரட்டும். வளர்ந்த ஆண் நாய்கள் இரண்டு இருந்தால் இன்னும் மெதுவாகப் போங்கள். பந்து, எலும்பு, சாப்பாட்டுக் கோப்பை எதுவும் உள்ளே வரக்கூடாது.

இனி நாய்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். விளையாட்டில் உடம்பு தளர்ந்து வளையும், வாய் திறந்திருக்கும், முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கும். துரத்துவதும் ஓடுவதும் மாறிமாறி நடக்கும், பெரியது தானாகவே கீழே விழுந்து கொடுக்கும். கெடும்போது முதலில் வாய் மூடும். பிறகு உடம்பு அசையாமல் விறைக்கும், வால் உயர்ந்து நுனி மட்டும் வேகமாக அதிரும், பார்வை ஒரே இடத்தில் நிற்கும். அந்த இரண்டு, மூன்று வினாடியில்தான் கூப்பிட்டுப் பிரிக்க வேண்டும். உறுமல் வரும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். சந்தேகமானால் முரடாக விளையாடும் நாயைப் பிடித்து வையுங்கள்: மற்றது திரும்பி வந்து அழைத்தால் அது விளையாட்டு, விலகிப் போனால் அதற்குப் போதும். எதுவும் நடக்காவிட்டாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுத் தண்ணீர் காட்டி ஆறவிடுங்கள். முதல் வாரங்களில் மொத்தம் 20 நிமிடம் தாராளம். கைபேசியை வண்டியில் வைத்துவிட்டுப் போங்கள்.

சண்டை பிடித்தால் எப்படிப் பிரிப்பது?
– அதே வாசகர்

கழுத்துப்பட்டியைப் பிடிக்கப் போகாதீர்கள். ஆட்களுக்குக் கடி விழுவது அப்போதுதான். ஒரே நேரத்தில் இருவர் ஆளுக்கொரு நாயின் பின்தொடைகளை முழங்காலுக்கு மேலே பிடித்துத் தூக்கி, ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியை இழுப்பதுபோல் பின்னால் நடக்க வேண்டும். நேராக இழுத்தால் திரும்பிக் கடிக்கும், ஆகவே வளைந்து நடவுங்கள். இடையில் படலையோ கதவோ வரும்வரை விடக்கூடாது. கடித்த பிடி விடாவிட்டால் இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், வேறொருவர் முகத்தில் வாளித் தண்ணீர் ஊற்றட்டும். தனியாக நின்றால் பலகையோ பிளாஸ்டிக் கதிரையோ இடையில் செருகுங்கள்.

வெளியே பல்லுப் பதிந்த சின்ன ஓட்டை மட்டும் தெரியும். உள்ளே தோல் சதையிலிருந்து கிழிந்து பை விட்டிருக்கும். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவி, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மஞ்சள் அப்பாதீர்கள். மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரத்தோடு 15 நிமிடம் கழுவி அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். கடித்தது தெரிந்த நாய்தானே என்று வீட்டிலேயே தீர்மானிக்காதீர்கள்.

5 மாத கிரேட் டேன் குட்டி. ஊசிகள் முடிந்துவிட்டன. பெரிய நாய்களோடு ஓடவிடலாமா? மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓட்டினால் உடம்பு ஏறுமா?
– வாசகர், பாலையூற்று

மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம். இந்த இனத்துக்கு எலும்பு நுனிகள் வளர்ந்து முடிந்து மூட ஒன்றரை வயதாகும். அதற்குள் கட்டாய ஓட்டமும், உயரத்திலிருந்து குதிப்பதும், படி ஏறி இறங்குவதும் மூட்டைக் கெடுக்கும். காலையும் மாலையும் 20 நிமிடம் நடை, மற்றப்படி புல்லில் அதன் விருப்பத்துக்கு விளையாட்டு. கடைசித் தடுப்பூசி 16 வாரத்தில் அல்லது அதற்குப் பிறகு போட்டு 2 வாரம் கழிந்திருந்தால் வெளியே போகலாம். குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தரும் பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வளர்ந்த நாய்களில் ஒரு சாதுவான நாய் மட்டும் துணைக்கு இருக்கட்டும்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் எத்தனை மணிக்குக் கொண்டு போவது? ஓடிய பின் சாப்பாடு எப்போது?
– வாசகி, அன்புவழிபுரம்

காலை ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மாலையானால் புறங்கையை மணலில் 7 வினாடி வைத்துப் பாருங்கள், சுட்டால் போகாதீர்கள். ஒரு நாய்க்கு ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் கொண்டுபோய் 10 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொடுங்கள். தாகத்தில் கடல்நீர் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும்.

நாக்கு கடுஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கம். நிழலுக்கு எடுத்து, கையில் கிடைக்கும் குளிர்ந்த நீரை (கடல்நீராயினும் சரி) வயிறு, தொடையிடுக்கு, உடம்பு முழுவதும் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துவாயைப் போர்த்து விட்டுவிடாதீர்கள், சூடு உள்ளே தங்கும். உடல் வெப்பம் 39.5 பாகைக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். எழும்பி நடந்தாலும் போக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும்.

சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையில், முன்னும் பின்னும் 2 மணிநேரம் விடுங்கள். அல்சேஷன், டொபர்மன், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த நெஞ்சு நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நிலைகொள்ளாமல் அலைந்தால் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். சத்திரசிகிச்சை சில மணிநேரத்துக்குள் நடக்க வேண்டும். இரவில் யாரிடம் போவது என்பதை இன்றைக்கே உங்கள் வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

வெளியே போய் வந்தால் உண்ணி ஏறுகிறது. மண்ணெண்ணெய் பூசலாமா?
– வாசகி, மட்டிக்களி

கூடாது. தோல் வெந்துபோகும், நக்கினால் உடம்புக்குள்ளும் போகும். சிறு சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். காதுமடலின் உள்ளே, விரலிடுக்கு, கக்கம், கழுத்துப்பட்டியின் கீழ் ஆகிய நான்கு இடங்களையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். உண்ணி மாத்திரை நாயின் நிறைப்படிதான் கொடுக்கப்படும், ஆகவே ஊகிக்காமல் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். சாப்பிடாமல் சோர்ந்து, முரசு வெளிறி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும்.